பக்கத்திலேயே போய்க்கொண்டு 28 ஆண்டுகள் நிற்காத ரயில்: கன்சாய் விமான நிலையப் பாதையில் என்ன மாறியது, என்ன மாறப்போகிறது?

ஜப்பானின் ஒசாகா நகருக்குப் போகிறவர்களுக்கான பழைய பயணக் குறிப்புகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும். விமான நிலையத்துக்குப் போகும் ஹருகா ரயில் ஒசாகா நிலையத்தில் நிற்காது, ஷின்-ஒசாகாவிலோ தென்னோஜியிலோ போய் ஏறிக்கொள்ளுங்கள் என்பதுதான் அது. 2023 மார்ச் 17 வரை அது சரியான அறிவுரை. மறுநாளிலிருந்து தவறு. ஆனாலும் அந்த வரி இன்னும் பல இடங்களில் அப்படியே உலவுகிறது. அதை நம்பி, ஒசாகா நிலையத்துக்கு அருகில் தங்கியிருப்பவர்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வேறு நிலையத்துக்குப் போகிறார்கள்.

நாட்டின் இரண்டாவது பெரிய நகர்ப்பகுதியின் மைய நிலையத்தில், விமான நிலைய விரைவு ரயில் ஏன் அத்தனை ஆண்டுகள் நிற்கவில்லை? ரயிலைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும்.

## முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம்

கன்சாய் சர்வதேச விமான நிலையம் 1994 செப்டம்பர் 4 அன்று திறக்கப்பட்டது. ஒசாகா விரிகுடாவில், கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தள்ளி, கடலைத் தூர்த்து உண்டாக்கிய செயற்கைத் தீவில் அது இருக்கிறது. கரையையும் தீவையும் இணைப்பது ஒரே ஒரு பாலம். நீளம் சுமார் 3.75 கிலோமீட்டர். மேல் தளத்தில் சாலை, கீழ்த் தளத்தில் ரயில்.

அந்தக் கீழ்த் தளத்தில் ஓடுவது இரண்டு நிறுவனங்களின் ரயில்கள். ஒன்று ஜே.ஆர். வெஸ்ட் (சுருக்கமாக ஜே.ஆர்.), ஜப்பானிய தேசிய ரயில்வே 1987-இல் உடைக்கப்பட்டபோது பிறந்தது. இன்னொன்று நன்காய், 1885-இலிருந்து வேர் பிடித்து நிற்கும் தனியார் ரயில்வே. இரண்டும் போட்டியாளர்கள். ஆனாலும் கரையோரத்து ரின்கூ டவுன் நிலையத்திலிருந்து தீவு வரை இரண்டின் ரயில்களும் ஒரே தண்டவாளத்தில்தான் போயாக வேண்டும். அந்தத் தண்டவாளம் இரண்டுக்குமே சொந்தமில்லை, விமான நிலையத் தரப்புக்குச் சொந்தம். பாலத்தைக் கடக்கும் பயணச்சீட்டில் அதற்கென்று ஒரு கூடுதல் தொகையும் சேர்ந்திருக்கும்.

நகரத்தின் அமைப்பையும் பார்த்துவிடலாம். ஒசாகாவுக்கு இரண்டு மையங்கள். வடக்கே கிதா எனப்படும் பகுதி. ஒசாகா நிலையமும், அதைச் சுற்றி உமேதா என்ற பெயரில் பல நிலையங்களும் அங்கேதான். தெற்கே மினாமி எனப்படும் பகுதி. அங்கே நம்பா நிலையம். நன்காய் ரயில்கள் நம்பாவிலிருந்து நேராகத் தெற்கே போய்விடும். நீலத்தில் முகமூடி அணிந்ததுபோல் முகப்பும் முட்டை வடிவ ஜன்னல்களும் கொண்ட ரப்பீட்டோ ரயிலில் நம்பாவிலிருந்து தீவுக்கு ஏறத்தாழ 40 நிமிடம்தான். மினாமியில் தங்குகிறவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே குழப்பம் எதுவும் இல்லை. சிக்கலெல்லாம் கிதாவில் தங்குகிறவர்களுக்குத்தான்.

## ரயில் வகைகள்: நான்கு சொற்கள்

பெயர்கள் ஒன்றுபோலத் தோன்றுவதால் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

1. டொக்கியூ: சிறப்பு விரைவு ரயில். ஹருகாவும் ரப்பீட்டோவும் இந்த வகை. பயணக் கட்டணம் ஒன்று, அதற்கு மேல் விரைவுக் கட்டணம் ஒன்று, ஆக இரண்டும் செலுத்த வேண்டும். தட்டிவிட்டுப் போகும் ஐசி அட்டையில் பிடித்தம் ஆவது முதலாவது மட்டுமே. இரண்டாவதைத் தனியாக வாங்க வேண்டும். வாயிலில் அட்டை ஏற்றுக்கொள்ளப்பட்டதே, அப்புறம் ரயிலுக்குள் எதற்கு மறுபடி பணம் கேட்கிறார்கள் என்று திகைப்பவர்கள் நிறைய.

2. கைசோக்கு: கூடுதல் கட்டணம் இல்லாத வேக ரயில். ஜே.ஆரின் கன்கூ-கைசோக்கு இந்த வகை. மெதுவானது, ஆனால் மலிவு.

3. கியூகோ: நன்காயில் இதற்கு இணையான, கூடுதல் கட்டணம் இல்லாத வகை.

4. டையா கைசெய்: கால அட்டவணைத் திருத்தம். ரயில் ஓட்டத்தைக் கோடுகளாக வரையும் வரைபடத்தைக் குறிக்கும் 'டயகிராம்' என்ற ஆங்கிலச் சொல்தான் ஜப்பானியர் வாயில் 'டையா' ஆகிவிட்டது. ஜே.ஆர். குழும நிறுவனங்கள் வழக்கமாக மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒன்றாக இதைச் செய்கின்றன. 2023-இல் மார்ச் 18, 2024-இல் மார்ச் 16, 2025-இல் மார்ச் 15. பிப்ரவரியில் பார்த்து வைத்த நேரத்தை நம்பி ஏப்ரலில் நிலையத்துக்குப் போகக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கன்கூ-கைசோக்குவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது பெரும்பாலும் தனியாக ஓடாது. வாகாயாமா நகருக்குப் போகும் கிஷூஜி-கைசோக்குவோடு சேர்ந்து, நான்கும் நான்கும் எட்டுப் பெட்டிகளாகக் கிளம்பும். ஹினேனோ நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி பாலத்தை நோக்கி, மறு பாதி தெற்கே வாகாயாமாவுக்கு. சரியான நேரத்தில் சரியான ரயிலில் ஏறியும், தவறான பெட்டியில் உட்கார்ந்த பாவத்துக்கு விமானத்தைத் தவறவிட முடியும்! ஹினேனோ வருவதற்குள் பெட்டியின் திரையில் எந்த ஊர்ப் பெயர் ஓடுகிறது என்று பார்த்துவிட வேண்டும். நெரிசலில் பெட்டிகளோடு உள்ளே நுழைந்தவர்களுக்கு அது லேசான வேலை இல்லை.

## ஹருகா ஏன் ஒசாகாவில் நிற்கவில்லை?

ஹருகா கியோட்டோவிலிருந்து வருகிறது. ஷின்-ஒசாகாவைத் தொட்டு, நகரத்தைக் கடந்து, தென்னோஜி வழியாக ஹன்வா பாதையைப் பிடித்துத் தெற்கே போக வேண்டும். கியோட்டோவிலிருந்து வரும் முதன்மைப் பாதை ஒசாகா நிலையத்துக்குள் நுழைந்து அப்படியே மேற்கே கோபே நகரை நோக்கிப் போய்விடுகிறது. தென்னோஜி இருப்பதோ தெற்கே. அங்கே போக ஒசாகா வளையப் பாதையில் ஏற வேண்டும். முதன்மைப் பாதையிலிருந்து வளையப் பாதைக்கு ஒசாகா நிலையத்துக்குள்ளேயே ரயிலைத் திருப்புவதென்றால், சில நிமிடங்களுக்கு ஒன்று என்று வந்துபோகும் மற்ற ரயில்களின் குறுக்கே வெட்டிச் செல்ல வேண்டும். ஒருமுறை செய்யலாம், நாள் முழுக்கச் செய்ய முடியாது.

கைவசம் வேறொரு வழி இருந்தது. ஒசாகா நிலையத்துக்கு ஒட்டினாற்போல் வடக்கே உமேதா சரக்கு நிலையம் இருந்தது. 1928-இல் திறந்தது. நகரத்தின் நட்டநடுவில் பெரிய மைதானம்போல் விரிந்த சரக்கு முற்றம். ஷின்-ஒசாகா பக்கமிருந்து அந்த முற்றத்தின் ஓரமாக வந்து, நிஷி-குஜோ அருகே வளையப் பாதையோடு சேரும் ஒரு சரக்குப் பாதையும் இருந்தது. ஹருகாவை அதன் மேல் விட்டார்கள். தென்பகுதிக் கடற்கரை ஊர்களுக்குப் போகும் குரோஷியோ சிறப்பு விரைவு ரயிலும் அதே வழியில்தான் போனது.

பாதை கிடைத்தது, நடைமேடை கிடைக்கவில்லை. சரக்குப் பாதையில் பயணிகள் ஏறி இறங்க ஏற்பாடு ஏது? ஹருகாவில் உட்கார்ந்திருப்பவர் ஜன்னல் வழியாக ஒசாகா நிலையக் கட்டடங்களைப் பார்ப்பார், ரயில் மெதுவாக ஊர்ந்து கடந்து போகும். 1994-இலிருந்து 2023 வரை இதுதான் நடந்தது. உமேதாவில் தங்கியவர்கள் கன்கூ-கைசோக்குவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தார்கள். இல்லையென்றால் எதிர்த்திசையில் ஷின்-ஒசாகாவுக்குப் போய் ஹருகாவைப் பிடித்தார்கள். பேருந்துக்காரர்களுக்கு நல்ல வருமானம்.

## 2023-இல் என்ன செய்தார்கள்?

சரக்கு நிலையம் 2013 மார்ச் மாதத்தோடு மூடப்பட்டது. காலியான நிலத்துக்கு உமேகிதா என்று பெயர். உமேதாவின் 'உமே'யும் வடக்கைக் குறிக்கும் 'கிதா'வும் சேர்ந்த சொல். அந்த நிலத்தை நகர வளர்ச்சிக்குப் பயன்படுத்த வேண்டுமானால் நடுவே ஓடும் தண்டவாளத்தை அகற்றியாக வேண்டும். அகற்ற முடியாது, ஹருகாவுக்கும் சரக்கு ரயில்களுக்கும் அதுதான் வழி. எனவே பாதையை நிலத்தடிக்கு இறக்கி, நிலையத்தின் பக்கமாக நகர்த்தினார்கள். இறக்கும்போதே அங்கே நடைமேடைகளையும் கட்டினார்கள்.

பயணிகளின் வசதிக்காக நிலையம் கட்டினார்கள், அதனால் நிலமும் கிடைத்தது என்று இதைச் சொல்வதுண்டு. என் பார்வையில் உந்துசக்தி நிலம்தான், நடைமேடை அதோடு சேர்ந்து வந்தது. நகர மையத்தில் அவ்வளவு பெரிய காலி மனை கிடைக்காமல் இருந்திருந்தால், ஒரு விமான நிலைய ரயிலை நிறுத்துவதற்காக மட்டும் யாரும் பூமியைத் தோண்டியிருக்க மாட்டார்கள். அந்த மேல்பரப்பில் இன்று ஒரு பெரிய பூங்கா. முதல் பகுதி 2024 செப்டம்பரில் திறந்தது.

2023 மார்ச் 18 அன்று 21 முதல் 24 வரை எண்ணிட்ட நான்கு நடைமேடைகள் திறக்கப்பட்டன. கட்டும்போது தற்காலிகமாக கிதா-உமேதா என்று அழைத்தார்கள். கடைசியில் தனிப்பெயர் வைக்காமல், ஒசாகா நிலையத்தின் ஒரு பகுதியாகவே அறிவித்தார்கள். இந்த முடிவு நல்லது என்றே படுகிறது. ஏற்கெனவே உமேதா என்ற பெயரைச் சுமக்கும் நிலையங்கள் அங்கே போதுமான அளவு இருக்கின்றன.

விளைவுகள்:

1. ஹருகாவும் குரோஷியோவும் ஒசாகாவில் நிற்கின்றன. ஒசாகாவிலிருந்து விமான நிலையத்துக்கு ஹருகாவில் சுமார் 50 நிமிடம்.

2. அதுவரை ஷின்-ஒசாகாவோடு முடிந்த ஒசாகா-ஹிகாஷி பாதை ஒசாகா வரை நீண்டது. கிழக்குப் புறநகர் மக்களுக்கு நேரடித் தொடர்பு கிடைத்தது.

3. 'ஒசாகா நிலையம்' என்று சொன்னால் போதாது, எந்த நடைமேடை என்றும் பார்க்க வேண்டும் என்ற நிலை வந்தது. ஹருகா நிற்பது நிலத்தடியில், கன்கூ-கைசோக்கு நிற்பது மேலே வளையப் பாதையின் நடைமேடையில். இரண்டும் விமான நிலையத்துக்குத்தான் போகின்றன, ஆனால் ஒன்றைத் தவறவிட்டு மற்றதற்கு ஓடுவதென்றால் பெட்டிகளோடு நல்ல நடை.

4. ஹருகாவும் குரோஷியோவும் ஒரே திசையில் கிளம்பும் சிறப்பு விரைவு ரயில்கள். குரோஷியோ விமான நிலையத்துக்குப் போகாது. மாறி ஏறினால் வாகாயாமா பக்கம் போய்விடும்.

## நின்றாயிற்று, இன்னும் ஏன் அடிக்கடி ஓடவில்லை?

ஒரு பாதையில் மணிக்கு எத்தனை ரயில் ஓடலாம் என்பதை அதன் மிகக் குறுகலான இடம்தான் முடிவுசெய்யும். பானை எவ்வளவு பெரிதானாலும் கழுத்து அளவுக்குத்தான் தண்ணீர் ஊற்றும். ஹருகாவின் வழியில் அப்படிப்பட்ட கழுத்துகள் பல.

ஒசாகாவைத் தாண்டி நிஷி-குஜோ வரையுள்ள பழைய சரக்குப் பாதையில் ஒற்றைத் தண்டவாளப் பகுதி இருக்கிறது. எதிரே வரும் ரயில் கடக்கும்வரை இந்தப் பக்க ரயில் காத்திருக்க வேண்டும். அங்கே அரை நிமிடம் பிசகினால் இரண்டு திசையும் பிசகும். அதைக் கடந்தால் வளையப் பாதை. ஊரைச் சுற்றும் சாதாரண ரயில்கள், நாரா பக்கம் போகும் ரயில்கள், கன்கூ-கைசோக்கு எல்லாம் அதே தண்டவாளத்தில். அப்புறம் தென்னோஜி. ஹன்வா பாதை ஒரு காலத்தில் தனிப் பாதையாக இருந்ததால், வளையப் பாதையோடு அதைச் சேர்க்க ஓர் இணைப்புத் தண்டவாளம் தேவைப்பட்டது. 1989-இல் ஒற்றையாகப் போட்டதை 2008-இல் இரட்டையாக்கினார்கள். ஹன்வா பாதையிலோ வேலைக்குப் போகிறவர்களுக்கான மெதுரயில்கள் வரிசையாக ஓடுகின்றன. அவை ஒதுங்கி வழிவிடும் நிலையங்கள் சிலதான். கடைசியில் பாலம், அங்கே நன்காய் ரயில்களோடு பங்கு.

ஹருகாவில் பெட்டிகளை ஆறிலிருந்து ஒன்பதாக நீட்டும் ஏற்பாட்டை 2020-இல் செய்தார்கள். புது ரயில் விடுவதைவிட ஓடும் ரயிலை நீளமாக்குவது எளிது என்பது மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் விளங்கும். நேரம் பாருங்கள்: அதே ஆண்டு பெருந்தொற்று வந்து சர்வதேச விமானங்கள் நின்றுபோயின, ஹருகாவின் ஓட்டங்களில் பெரும்பகுதி நிறுத்தப்பட்டது.

## 2031-இல் வரப்போவது: நானிவாசுஜி பாதை

அடுத்த மாற்றம் இதைவிடப் பெரியது. உமேகிதாவின் நிலத்தடி நடைமேடைகளிலிருந்து நகரத்துக்கு நேர் கீழே தெற்கு நோக்கிப் புதுச் சுரங்கப் பாதை கட்டப்படுகிறது. நீளம் ஏறத்தாழ 7.2 கிலோமீட்டர். 2031-இல் திறக்கத் திட்டம்.

புதிய யோசனை இல்லை இது. அரசின் போக்குவரத்து ஆலோசனைக் குழு 1989-இலேயே இதைப் பரிந்துரைத்தது. ஜே.ஆரின் மினாதோமாச்சி நிலையத்துக்கு, விமான நிலையம் திறந்த அதே 1994 செப்டம்பர் 4 அன்று 'ஜே.ஆர். நம்பா' என்று பெயர் மாற்றினார்கள். 1996-இல் அதை நிலத்தடிக்கு இறக்கும்போதே பிற்காலத்தில் பாதை வடக்கே நீளும் என்று எண்ணித்தான் கட்டினார்கள். ஆக, சுரங்கத்தின் ஒரு முனை ஏறத்தாழ 30 ஆண்டுகளாகக் காத்திருக்கிறது.

அமைப்பு இப்படி:

1. ஒசாகாவிலிருந்து நாகானோஷிமா வழியாக நிஷி-ஹோன்மாச்சி வரை ஜே.ஆரும் நன்காயும் ஒரே பாதையைப் பயன்படுத்தும்.

2. அங்கே பாதை பிரியும். ஜே.ஆர். கிளை ஜே.ஆர். நம்பாவுக்குப் போய் ஏற்கெனவே உள்ள தடத்தோடு சேரும். நன்காய் கிளை ஷின்-நம்பா என்ற புது நிலையம் வழியாக ஷின்-இமாமியாவுக்குப் போகும்.

3. தண்டவாள அகலம் சிக்கல் இல்லை. இரண்டு நிறுவனங்களும் 1,067 மில்லிமீட்டர் பாதைக்காரர்கள்.

ஹருகாவுக்கு இதனால் கிடைக்கும் பெரிய லாபம், அந்த ஒற்றைத் தண்டவாளத்தையும் வளையப் பாதையையும் விட்டு விலகுவது. நன்காய்க்குக் கிடைப்பது இன்னும் பெரியது. இத்தனை காலம் நம்பாவோடு நின்றுபோன நிறுவனம் முதன்முறையாகக் கிதாவுக்குள் நுழைகிறது. ஒசாகா நிலையத்தில் இரண்டு போட்டியாளர்களும் ஒரே நிலத்தடியிலிருந்து ஒரே தீவுக்கு ரயில் விடுவார்கள். ஹன்க்கியூ என்ற இன்னொரு தனியார் ரயில்வே நிறுவனமும் தன் ஜூசோ நிலையத்திலிருந்து ஓர் இணைப்புப் பாதை போட்டு இதில் சேரப் பார்க்கிறது. அதன் சொந்தப் பாதைகள் எல்லாம் 1,435 மில்லிமீட்டர் அகலம், இந்த ஒன்றை மட்டும் 1,067-இல் போட வேண்டியிருக்கும்.

புதுக் குழப்பங்களும் வரும். நன்காயின் நம்பா வேறு, ஷின்-நம்பா வேறு, ஜே.ஆர். நம்பா வேறு. சுற்றுலாப் பயணிகள் ஜே.ஆர். ரயில்களில் பயன்படுத்தும் ஜப்பான் ரயில் பாஸ் ஹருகாவில் செல்லுபடியாகும், நன்காயில் ஆகாது. அடுத்தடுத்து வரும் இரண்டு விமான நிலைய ரயில்களில் ஒன்றில் பாஸ் போதும், மற்றதில் போதாது என்பதைச் சுற்றுலாப் பயணிக்கு யார், எந்த மொழியில் விளக்குவது?

## பாலம் ஒன்றே ஒன்று

சுரங்கம் எத்தனை தோண்டினாலும் கடைசி 3.75 கிலோமீட்டர் மாறாது. 2018 செப்டம்பர் 4, விமான நிலையத்தின் 24-ஆவது பிறந்த நாள். ஜெபி சூறாவளியில் நங்கூரம் இழுபட்டு வந்த ஒரு எண்ணெய்க் கப்பல் பாலத்தில் மோதியது. ஆயிரக்கணக்கானவர்கள் தீவில் மாட்டிக்கொண்டார்கள். ரயில் மறுபடி ஓடியது செப்டம்பர் 18 அன்று. சாலை முழுமையாகச் சீராக அடுத்த ஆண்டு வரை ஆனது.

அது அபூர்வ நிகழ்வு. ஆனால் பலத்த காற்றடித்தால் ரயில்கள் மெதுவாவதும் நிறுத்தப்படுவதும் அவ்வப்போது நடப்பதுதான். அப்போது ஜே.ஆருக்குப் பதில் நன்காய் என்று மாறிப் பயன் இல்லை, இரண்டும் அதே பாலம். நிலைமை மோசமானால் பேருந்தும் அதே கதிதான். பாலத்தைத் தொடாத வழி என்றால் கோபே விமான நிலையத்துக்கு ஓடும் படகு ஒன்று இருக்கிறது, அரை மணி நேரப் பயணம். சூறாவளியில் அதையும் நம்ப முடியாது. சூறாவளி மாதங்களான ஆகஸ்ட், செப்டம்பரில் அதிகாலை விமானம் என்றால், முந்தின இரவே தீவுக்குப் போய்விடுவதைத் தவிர வேறு உருப்படியான யோசனை என்னிடம் இல்லை.

இன்னொன்று: ரயில் போய் நிற்பது முதல் முனையத்தின் எதிரே. குறைந்த கட்டண விமானங்களுக்காக 2012-இல் திறந்த இரண்டாம் முனையத்துக்கு ரயில் கிடையாது. இறங்கி இலவசப் பேருந்து பிடிக்க வேண்டும். 2031-க்குப் பிறகும் இந்தப் பேருந்தை நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## 21-ஆம் நடைமேடையின் கதவுகள்

திரும்பவும் உமேகிதாவுக்கு வருவோம். நடைமேடைப் பாதுகாப்புக் கதவுகள் சாதாரணமாக ஒரே இடத்தில்தான் திறக்கும். ரயிலின் கதவும் அதே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். ஆனால் ஹருகாவின் கதவுகள் ஓரிடத்தில், குரோஷியோவின் கதவுகள் வேறிடத்தில், சாதாரண ரயில்களின் கதவுகள் இன்னோரிடத்தில். இதற்காக 21-ஆம் நடைமேடையில் தரையிலிருந்து மேலே வரை முழுச் சுவராக நிற்கும் கதவுகளை வைத்திருக்கிறார்கள். வருவது எந்த ரயில் என்று அறிந்து, பலகைகள் இடமும் வலமும் நகர்ந்து, அந்த ரயிலின் கதவு எங்கே வருமோ அங்கே வழிவிடும். எந்த ரயிலுக்கும் ஏற்றபடி திறக்கும் இத்தகைய கதவு உலகிலேயே இதுதான் முதல் என்கிறது ஜே.ஆர். வெஸ்ட்.

இன்றைக்கு அங்கே வருவது ஒரே நிறுவனத்தின் ரயில்கள். சுரங்கம் திறந்த பிறகு நன்காயின் ரயில்களும் அந்த நிலத்தடிக்கு வரும். அவற்றின் கதவுகள் எங்கே இருந்தாலும் அந்தச் சுவருக்குக் கவலை இல்லை.